கெய்ரோவில் ஒரு கருணை மனம்



குடும்பத் தலைவி ஒருவர் மறைந்துவிட்டால் அவரைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? "இன்னாருடைய மனைவி, நல்ல குணவதி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பும் கண்ணீரும் மறைந்து கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. இம்மாதம் அப்படிப்பட்ட ஒரு மனைவியைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மார்க்கத்தைச் சார்ந்தவரும் அல்லர். ஆனால் அவருடைய தொண்டு நடந்த இடம், நாமெல்லாம் பெயர் கேட்டு மகிழும் கெய்ரோ மாநகரம். அத்தொண்டினால் பயன் பெற்றோர் அந்நகரத்து ஏழை வண்டிக்காரர்களும் அவர்களுடைய வாயில்லா ஜீவன்களும் ஆவர்.

அவ்வம்மையாரின் பெயர் டோரதி புரூக். இங்கிலாந்தில் பிறந்தவர். அவருடைய கணவர் ஜெஃப்ரி புரூக், ஆங்கிலேயக் குதிரைப் படையின் உயர் அதிகாரி. குதிரையேற்றக் கலையைப் பற்றி நூல்கள் எழுதியவர். 1882ஆம் ஆண்டு எகிப்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த பிரிட்டன், 1922இல் அந்நாட்டிற்குச் சுதந்திரம் என்று பெயரளவில் அறிவித்த பின்னரும் தன் படைகளை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தது. அப்படைகளில் ஒன்றிற்குத் தலைமை ஏற்றுக் கணவர் சென்றபோது, 1930ஆம் ஆண்டு டோரதி அம்மையாரும் கெய்ரோ வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. அன்றைய ஆட்சியாளர் கூட்டத்தில் ஒரு படைத் தலைவரின் மனைவிக்கு விருந்தும் விளையாட்டும் தேநீர்க் கூட்டங்களுமாகக் காலம் கழிந்துவிடும். அவரிடம் அதற்கு மேல் எவரும் எதிர்பார்க்கப் போவதில்லை.

ஆனால் அவருடைய கண்கள் வேறொன்றைத் தேடின.

முதல் உலகப் போர் 1914 முதல் 1918 வரை நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அப்போரில் துருக்கியப் படைகளை எதிர்த்து, சினாய்ப் பாலைவனத்திலும் பாலஸ்தீனத்திலும் பிரிட்டனின் குதிரைப் படைகள் போரிட்டன. இங்கிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் கொண்டு வரப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டும் பல போர்முனைகளுக்கும் அனுப்பப்பட்டவை 1,30,000க்கும் மேல். அவற்றில் தாய்நாடு திரும்பியது எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று! ஒரு தளபதியின் குதிரையான சாண்டி மட்டுமே. கப்பல் செலவு மிகுதி என்றும், நோய் பரவிவிடும் என்றும் காரணங்கள் கூறப்பட்டன. போர் முடிந்ததும் சில குதிரைகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஆயிரக்கணக்கானவை எகிப்திலேயே விற்கப்பட்டன.

பீரங்கி முழக்கத்தினிடையே வீரர்களைச் சுமந்த அக்குதிரைகள், அதன் பின்னர் கெய்ரோவின் வண்டிகளையும் கற்சுரங்கப் பாரங்களையும் இழுத்தன. டோரதி அம்மையார் வந்து சேர்ந்தபோது அந்த அடிமை வாழ்வுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவை இருபது வயதைத் தாண்டிய கிழக் குதிரைகளாகிவிட்டன. விலா எலும்புகள் எண்ணத்தக்கனவாய்த் தெரிந்தன. சேணம் உராய்ந்து முதுகு புண்ணாகியிருந்தது. சில பார்வையிழந்தும், சில கால் ஊன்ற இயலாமலும் தடுமாறின. இவை போர்க்குதிரைகளே என்பதற்கு, படையில் இட்ட சூட்டுக்குறி அவற்றின் உடலில் அழியாத சாட்சியாய் நின்றது.

சகோதரிகளே! இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அன்று மிக எளிதாய் இருந்த செயல் எது? "இந்நாட்டு மக்கள் இரக்கமற்றவர்கள்" என்று பழி சுமத்துவதே அல்லவா? டோரதி அம்மையார் அப்படிச் செய்யவில்லை. குதிரையை விற்றுவிட்டுக் கப்பலேறியவர்கள் யார் என்று அவர் எண்ணினார். தம் நாட்டவரின் மனச்சாட்சியை நோக்கியே விரல் நீட்டினார். 1931ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வெளிவந்த 'மார்னிங் போஸ்ட்' என்னும் நாளேட்டிற்கு ஒரு கடிதம் எழுதினார். நமக்காகப் போரிட்ட குதிரைகள் இங்கே படும் பாட்டைக் கேளுங்கள், அவற்றை மீட்க உதவுங்கள் என்பதே அக்கடிதத்தின் சாரம். படித்தவர் உள்ளம் உருகிற்று. பணம் வந்து குவிந்தது.

அப்பணத்தைக் கொண்டு அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை அவர் மீட்டார். கணவரும் அப்பணிக்குத் துணை நின்றார். குதிரைகளை எவரிடமிருந்தும் பறிக்கவில்லை. உரியவர்களிடம் விலை கொடுத்தே வாங்கினார்.

மீட்ட பின்னர் என்ன நடந்தது? இதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை எந்த மருத்துவத்தாலும் தேற முடியாத நிலையில் இருந்தன. அவற்றிற்குச் சிறிது ஓய்வும் வயிறார உணவும் தந்து, பின்னர் வேதனையின்றி உயிர் பிரியச் செய்ததே அவர் செய்த உதவி. "இது என்ன அன்பு?" என்று உங்களில் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், நிற்கவும் முடியாத அந்தக் குதிரையைத் திருப்பி அனுப்பினால் மறுநாள் காலை அது மீண்டும் வண்டியில் பூட்டப்படும். சாட்டைக்கும் வெயிலுக்கும் இடையே தெருவில் விழுந்து மடியும். தடவிக் கொடுத்து மகிழ்வதற்கு எல்லாராலும் முடியும். நேசித்த உயிரின் துன்பத்தை முடித்து வைக்கும் பொறுப்பை, ஒரு முறையல்ல, ஆயிரக்கணக்கான முறை தாங்கிக் கொள்வதற்கு எத்தகைய மனத்திண்மை வேண்டும்!

இத்தோடு அவர் நின்றிருந்தாலும் புண்ணியவதி என்றே நாம் போற்றியிருப்போம். ஆனால் அவர் மற்றொரு உண்மையையும் கண்டுகொண்டார். கிழக் குதிரையை விற்ற வண்டிக்காரர் சும்மா இருந்துவிட முடியுமா? வீட்டில் மனைவி மக்கள் காத்திருக்கிறார்கள். அவர் இன்னொரு குதிரையையோ கழுதையையோ வாங்கியாக வேண்டும். அதுவும் சில ஆண்டுகளில் அதே நிலைக்கு வந்துவிடும். காரணம் என்ன? தானே அரை வயிற்றோடு உறங்கும் ஒருவர் தம் குதிரைக்கு முழு வயிறு தீனி போடுவது எங்ஙனம்? ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் அன்று அடுப்பு எரியாது என்னும்போது, நொண்டும் கழுதைக்கு ஓய்வு கொடுப்பது எங்ஙனம்? குதிரையின் பசியும் வண்டிக்காரரின் பசியும் வேறு வேறல்ல, இரண்டும் ஒன்றே. மனிதரைக் கைவிட்டுவிட்டு விலங்கை மட்டும் காப்பாற்ற முடியாது என்பதை அவர் உணர்ந்தார்.

அந்த உணர்வில் பிறந்ததுதான் 1934ஆம் ஆண்டு கெய்ரோவில் அவர் நிறுவிய 'பழைய போர்க்குதிரை நினைவு மருத்துவமனை'. போர்க்குதிரைகளின் பெயரைத் தாங்கியிருந்தாலும், நகரில் பாடுபடும் எல்லாக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் அதன் கதவுகள் திறந்திருந்தன. ஏழை உரிமையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

இத்தகைய மருத்துவம் பெரிய விந்தைகளால் நடப்பதன்று. சேணத்திற்கு அடியில் மெத்தென்ற துணியை மடித்து வைத்தால் முதுகுப் புண் ஆறும். லாடத்தைச் சரியாக அடித்தால் நொண்டல் குறையும். கடும் வெயிலில் உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு 30 லிட்டருக்கும் மேல் தண்ணீர் தேவைப்படும் என்பதை அறிந்து இடையிடையே நிறுத்தித் தண்ணீர் காட்டினால் அதன் ஆயுள் நீளும். கிழக் குதிரைக்குப் பல் தேய்ந்திருக்கும் என்பதால் தவிட்டை ஊற வைத்துக் கொடுத்தால் போதும், அது தின்று தேறும். இவையெல்லாம் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பார்த்துப் பார்த்துச் செய்யும் சிறு சிறு காரியங்களைப் போன்றவை அல்லவா? கண்டிப்பதால் வராத மாற்றம் கற்பிப்பதால் வருகிறது.

1955ஆம் ஆண்டு, தம் தொண்டு மலர்ந்த அதே கெய்ரோ நகரில் டோரதி அம்மையார் கண் மூடினார். மறு ஆண்டே, 1956இல், சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையில் பிரிட்டனே எகிப்தின் மீது போர் தொடுத்தது. இரு நாடுகளுக்கும் இடையே அத்தனை கசப்பு மூண்ட பின்னரும் அவருடைய பணி அழிந்துவிடவில்லை. வேரூன்றிய அத்தொண்டு இன்றும் எகிப்தில் நடைபெற்று வருகிறது. பாகிஸ்தான், இந்தியா முதலிய நாடுகளிலும் பரவி, செங்கல் சூளைகளில் பாரம் சுமக்கும் கழுதைகளுக்கும் அவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் துணை செய்கிறது.

அந்த அமைப்பின் பெயர் என்ன தெரியுமா? 'புரூக்'. ஆம், கணவரின் குடும்பப் பெயர்தான். கணவரின் பெயரால் மனைவி அறியப்படுவது உலக வழக்கம். இங்கோ, படைத் தலைவராய் இருந்த கணவரின் பெயர், அவர் நடத்திய படைகளால் அன்று, மனைவியின் கருணையாலேயே இன்று நாடுகள் தோறும் ஒலிக்கிறது. ஓர் அன்பு மனைவி தன் கணவருக்கு விட்டுச் செல்லக் கூடிய நினைவுச் சின்னம் இதைவிட வேறு என்ன இருக்க முடியும்?

தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பவர்கள் நாம். சொல்வதோடு நின்றுவிடாமல், கோடையில் நம் வாசலில் ஒரு சட்டித் தண்ணீர் வைப்போம். பாரம் ஏற்றிய வண்டி நம் வீட்டு முன் நிற்குமானால் மாட்டிற்கும் தண்ணீர் கொடுப்போம், வண்டிக்காரரையும் "சாப்பிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். இரண்டும் சேர்ந்ததே கருணை என்பதைத்தான் டோரதி அம்மையாரின் வாழ்வு நமக்குச் சொல்கிறது.

இன்னும் ஒன்று. இதை வாசிக்கும் சகோதரர்களே! யாரும் கேட்காமலேயே பூனைக்குப் பாலும், காக்கைக்குச் சோறும், பக்கத்து வீட்டு நோயாளிக்குக் கஞ்சியும் எடுத்து வைக்கும் பெண்மணி ஒருவர் உங்கள் இல்லத்திலும் இருக்கக் கூடும். அவருடைய நற்குணத்தை அவர் மறைந்த பின்னர் நினைவுகூரலாம் என்று காத்திருக்காதீர்கள். இன்றே, அவர் காதில் விழும்படி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.