விழுந்தவரைத் தொடுவோம்: வருசநாட்டிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

வைகை பிறக்கும் மலையின் மடியில் வாழும் வருசநாட்டு மக்களாகிய நாங்கள், ‘விழுந்தவரைத் தொடுவோம்’ என்ற இந்த இயக்கத்தை இன்று தொடங்குகிறோம்.

2023 செப்டம்பர் 8-ஐ நாங்கள் மறக்கவில்லை. வருசநாட்டை அடுத்த பசுமலைத்தேரியில் பிறந்து, சினிமாவில் இயக்குநராகவும் நடிகராகவும் பெயரெடுத்த ஜி. மாரிமுத்து, சென்னையில் தொலைக்காட்சித் தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மூச்சு முட்டி வெளியே வந்தார். தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி உள்ள சென்னையிலேயே இந்த நிலை என்றால், எங்கள் பக்கத்து அரசரடியிலும் வாலிப்பாறையிலும் இருப்பவர்கள் கதி என்ன?

மாரடைப்பு வேறு, இதயம் திடீரென நின்றுபோவது வேறு. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைக்கிறது. ஆள் பேசுவார், வியர்த்துக் கொட்டும், இடது கை கடுக்கும். இதயம் நிற்பது என்றால், அதன் மின்னோட்டம் தாறுமாறாகி, ரத்தம் தள்ள முடியாமல் வெறுமனே நடுங்குகிறது. சில நொடியில் நினைவு போய்விடும். முதலாவது எந்த நிமிடமும் இரண்டாவதாக மாறலாம். ஆகவே நெஞ்சு வலிக்கிறவரைத் தனியாக வண்டியோட்ட விடமாட்டோம். வாயுப் பிடிப்பு என்று சோடா உடைத்துக் கொடுத்துக் காலம் கடத்தமாட்டோம். 2023 ஜூனில் அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. அங்கே கூட்டிப் போவோம்.

நின்ற இதயத்துக்கோ மாத்திரை இல்லை. யாரும் நெஞ்சை அழுத்தாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் எல்லாம் தாண்டி 30 கிலோமீட்டருக்கு மேல். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும், அது வரும்வரை விழுந்தவருக்கு வைத்தியர் பக்கத்தில் நிற்பவர்தான்.

விழுந்தவர் வாய் பிளந்து, விட்டு விட்டு மூச்சை இழுப்பார். “இழுப்பு இருக்குய்யா” என்று சுற்றி நிற்போம். அது மூச்சு அல்ல. தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் மண்டியிடட்டும். இலவம்பஞ்சு மெத்தையில் கிடத்தி அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும், கட்டாந்தரையில் கிடத்துங்கள். நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மறுகை. முழங்கை மடங்கக் கூடாது. 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ வேண்டும். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம், கையை எடுத்துவிடாதீர்கள். எலும்பு கூடிவிடும். மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்தவர் என்றால் முதலில் மெயினை அணையுங்கள். கிணற்றில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் வாயோடு வாய் வைத்து மூச்சும் ஊத வேண்டும். அதைத் தனியே கற்றுத் தருவோம்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் கால்பந்து மைதானத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். அங்கேயே நெஞ்சை அழுத்தினார்கள், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியால் ஓர் அதிர்ச்சி கொடுத்தார்கள். மறுவருடம் அவர் பந்தாடினார். அந்தக் கருவி எங்கள் பேருந்து நிலையங்களுக்கும் சந்தைகளுக்கும் வேண்டும் என்று அரசிடம் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.

எங்கள் முதல் கொள்கை இதுதான்: விழுந்தவர் என்ன சாதி, ஆணா பெண்ணா என்று பார்க்கமாட்டோம். இன்னார் இன்னாரைத் தொடலாமா என்ற பேச்சு எழும் இடத்தில் உயிர் போய்விடுகிறது. அந்தப் பேச்சை எந்த ஊர்க் கூட்டத்திலும் எதிர்ப்போம்.

வீட்டுக்கு ஒருவர் பயிற்சிக்கு வாருங்கள். தோட்டத்து வீட்டில் வயசான அப்பாவோடு தனியாக இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் முதலில் வாருங்கள்.