தடை வந்தது, இனி குச்சி பற்ற வேண்டும்

20 ரூபாய்க்கும் குறைந்த விலை லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. உதிரிப் பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டி விற்கும் வழி மட்டும் திறந்தே கிடந்தது. 2024 அக்டோபரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அதற்கும் கட்டுப்பாடு விதித்தது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களின் தீப்பெட்டித் தொழிலுடைய நெடுநாள் கோரிக்கை இது. முழு மனதுடன் வரவேற்கிறோம். ஆனால் லைட்டருக்கு மாறியவர் விலைக்காக மட்டும் மாறவில்லை. மூன்று குச்சி உரசியும் பற்றாத பெட்டியோடு அடுப்படியில் நின்றவர் அவர். இறக்குமதித் தடை அவருக்குப் பதில் சொல்லாது. நம் மருந்துதான் சொல்ல வேண்டும்.

குச்சி பற்றவில்லை என்று புகார் வந்தால் உடனே தலை மருந்திலுள்ள குளோரேட்டையோ வஜ்ஜிரப் பசையையோ குறை சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கோளாறு குச்சியின் தலையிலா, பெட்டியின் உரசு பட்டையிலா என்று பிரிக்காமல் கலவையில் கைவைப்பது வீண் வேலை, ஆபத்தும்கூட. புகார் வந்த குச்சியை நல்ல பட்டையில் உரசுங்கள்; நல்ல குச்சியைப் புகார் வந்த பட்டையில் உரசுங்கள். தலை பொடிந்து உதிர்ந்தால் வஜ்ஜிரம் நலிந்திருக்கிறது, பெரும்பாலும் அதிகச் சூட்டில் காய்ச்சியதால். வழுக்கினால் வஜ்ஜிரம் மிகுதி, கண்ணாடித் தூள் குறைவு. தலை சீறியும் குச்சி பற்றாமல் அணைந்தால் மெழுகு போதவில்லை, அல்லது குச்சி உலரவில்லை. இவையெல்லாம் ஃபோர்மேன்களுக்குத் தெரிந்தவை.

நாம் அலட்சியப்படுத்துவது பட்டையை. கரிசல் பூமியின் வறண்ட காற்றை நம்பி வளர்ந்த தொழில் இது. இங்கே நன்றாகப் பற்றும் பெட்டி கேரளத்து இடவப்பாதி மழையிலும் வங்கத்து ஈரத்திலும் நமுத்துப்போகிறது. சிவப்பு பாஸ்பரஸ் ஈரக்காற்றில் மெல்ல அமிலமாகிறது. அந்த அமிலம் மேலும் ஈரத்தை இழுக்கிறது. பட்டை பிசுபிசுத்து, குச்சி பட்டதும் பெயர்ந்து வருகிறது. 2021 டிசம்பர் 1 முதல் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானபோது குச்சிகளை 36இலிருந்து 50 ஆக்கினோம். கூடுதல் உரசலைத் தாங்கும்படி பட்டைப் பூச்சை எத்தனை ஆலைகள் மாற்றின? பட்டை முதலில் தேய்ந்துவிட்டால், கூட்டிக் கொடுத்த குச்சிகள் நல்ல தலையோடு குப்பைக்குத்தான் போகும்.

இதில் அரசின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. பெட்டிக்குள் எத்தனை குச்சி என்று அச்சிடச் சொல்கிறது பொட்டலப் பொருள் விதி. அவற்றில் எத்தனை பற்றும் என்று உரசிப் பார்க்க எந்த ஆய்வாளரும் வருவதில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்ததற்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 ஆனது. குச்சி கையால் செய்ததா, இயந்திரத்தில் செய்ததா என்று துருவிய வரித்துறைக்கு, அது பற்றுமா என்பது ஒரு கேள்வியாகவே இருக்கவில்லை. லைட்டருக்கு 2023இலேயே தரக் கட்டுப்பாட்டு ஆணை போட முடிந்தது. லட்சக்கணக்கானோர், அதிலும் பெரும்பாலும் பெண்கள், உழைக்கும் இந்தத் தொழிலின் வாசலுக்கு உரிமம், வரி, அபராதம் என்று வரத் தெரிந்த அரசு, தரத்துக்காக ஒருமுறையாவது வந்திருக்க வேண்டாமா?

சிறு ஆலைக்குச் சோதனை கட்டுப்படியாகாது என்பார்கள். மூடிய ஜாடியில், உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குச் செறிவான உப்புநீர் இருந்தால் உள்ளே ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தில் நிற்கும். அன்றாடம் எடுத்துவைக்கும் சில பெட்டிகளை, தண்ணீர் படாமல் அதன்மேல் ஒரு வாரம் நிறுத்தி, கடைசிக் குச்சி வரை உரசிப் பார்க்கலாம். கல் உப்பும் ஜாடியும்தான் செலவு. கடைக்காரர் ஈரத் தரையில் அடுக்கினால் நாம் என்ன செய்வது என்ற வாதமும் நிற்காது. அஸ்ஸாமுக்குப் போகும் பண்டல் அஸ்ஸாம் காற்றில்தான் பற்றியாக வேண்டும். மருந்து முக்கின நாளையும் பட்டை பூசின நாளையும் பண்டலில் குறிக்காத ஆலைக்கு, வரும் புகாரின் வேரைத் தேட வழியே இல்லை.

லைட்டருக்காக டெல்லிவரை சென்ற சங்கங்கள் அடுத்து வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு: சிறு ஆலைகளுக்கு எட்டும் கட்டணத்தில் பட்டையையும் தலையையும் ஈரத்தில் வைத்துச் சோதிக்கும் பொதுக்கூடம் கோவில்பட்டியில் வேண்டும், அதுவும் அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால்.