தமிழில் வராத எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா?

சூறாவளி அடித்து ஓய்ந்த பின்னர், எச்சரிக்கை உரிய வேளையில் விடுக்கப்பட்டதென்று கொழும்பிலிருந்து அறிக்கை வருவது வழக்கமாகிவிட்டது. எந்த மொழியில் விடுத்தீர்கள் என்று நாம் கேட்கிறோம். 2025 நவம்பரில் ‘டித்வா’ அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது, தமிழ் அறிவித்தல்கள் பிந்தி வந்தன, பல வரவேயில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மண்சரிவு ஏற்பட்ட மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்வோர் பெரும்பாலார் தமிழர் என்பதை அறியாதார் எவர்?

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தின் வழி அரசியலமைப்பில் எழுதினார்கள். எழுதியதோடு கடமை முடிந்ததோ? பெறுபவனுக்கு விளங்காத மொழியில் கொடுத்ததை ‘அறிவித்தல்’ என்று மன்றில் வாதிட எனக்கு நா எழாது.

ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக் கடல் கொந்தளிக்கும் காலம். நமது கமக்காரர் பெரும்போகம் விதைத்துக் காத்திருக்கும் காலமும் அதுவே. மேற்கு நோக்கி வரும் சூறாவளி கிழக்குக் கரையைக் கடக்கும்போது, மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். கடல்நீர் உள்ளேறும் ஆபத்தும் அங்கேயே மிகுதி. எனவே, திருகோணமலையருகே கரை கடக்கும் என்றால் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளி நிம்மதியாய் உறங்கலாகாது. குளத்தின் வான்கதவு எத்தனை மணிக்குத் திறக்கப்படும் என்பது வயற்காரனுக்குத் தெரியவேண்டும். இவற்றை முதல்நாளே தமிழில் சொல்ல ஒரு பட்டாளமா வேண்டும்? இரவும் பகலும் முறை மாறி இருக்கத் தமிழ் எழுதத் தெரிந்த நாலு பேர் போதும்!

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி நம் வடபுலத்தையும் தாக்கியது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. அந்நாளில் கைத்தொலைபேசி இல்லை. இன்று கமக்காரன் மடியிலும் அது உண்டு. குறை கருவியில் இல்லை.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் சனாதிபதி தலைமையில் ஒரு பேரவையை அமைத்தது. மாகாண சபைகளோ கிழக்கில் 2017 முதலும் வடக்கில் 2018 முதலும் வெறுமையாய்க் கிடந்தன. டித்வா வந்த நாளில், மக்களின் வாக்குப் பெற்ற மாகாண உறுப்பினர் ஒருவர்தானும் அங்கு கேள்வி கேட்க இல்லை.

மொழி காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது 12(2)ஆம் உறுப்புரை. அதனை மீறினால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றுக்கு மனுச் செய்யவேண்டும். கமக்காரர் சங்கங்கள் வரும் மாரியில் ஒவ்வோர் அறிவித்தலும் எம்மொழியில், எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து வைக்கட்டும். சட்டத்தரணி நண்பர்கள் மனுவை எழுதட்டும். மாதம் ஒன்றுதான் தவணை.