முகத்துக்கு உடையவர் யார்?

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில், வசதியுள்ள குடும்பத்தின் வரவேற்பறை மேஜைமீது தடித்த அட்டையுள்ள ஆல்பம் ஒன்று இருக்கும். அதைப் புரட்டினால் வீட்டுப் பாட்டனாருக்கு அடுத்த பக்கத்தில் மகாராணியார் வீற்றிருப்பார். அவருக்கு அடுத்தாற்போல் நாடக நடிகை ஒருத்தி! அந்த நடிகையே நேரில் வந்திருந்தால் வீட்டுப் பெரியவர் கூடத்துக்குள் அனுமதித்திருப்பாரா என்பது சந்தேகந்தான். படத்துக்குத் தீட்டில்லை போலும்.

இந்த விநோதத்துக்கு வழி செய்தவர் பாரிஸ் நகரத்துத் திஸ்தேரி. ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்கு அவர் 1854-ல் காப்புரிமை பெற்றார். தகட்டுக்கு எட்டுப் படங்கள் என்பது பின்னர் வழக்கமாயிற்று. முட்டையின் வெண்கருவைப் பூசிய காகிதத்தில் அச்சிட்டு, ஏறக்குறைய நான்கு அங்குல உயரமுள்ள அட்டையில் ஒட்டுவார்கள். விலை மலிந்தது. 1860-ல் மேயல் என்பவர் அரச குடும்பத்துப் படங்களை விற்பனைக்கு வெளியிட்டதும் ஜனங்களுக்குச் சேகரிக்கும் மோகம் தலைக்கேறியது.

மேடையில் நடிப்பவரை நடிக்கும்போதே பிடிக்க அக்காலத்துக் காமிராவுக்குச் சக்தி போதாது. ஆகவே ஹாம்லெட்டும் ஒபீலியாவும் வேஷத்துடனேயே ஸ்டுடியோவுக்கு வரவேண்டும். கண்ணாடிக் கூரையின் கீழ், வர்ணம் தீட்டிய திரைக்கு முன்னால், தலைக்குப் பின்னே இரும்புத் தாங்கி முட்டுக் கொடுக்க, சில விநாடிகள் அசையாது நிற்கவேண்டும். அந்த முகங்களில் ததும்பும் சோகத்தில் பாதி கழுத்து வலிதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நியூயார்க்கில் இத்தொழிலுக்குப் பேர்போனவர் நெப்போலியன் ஸரோனி. புகழ்பெற்ற நடிகருக்குப் பணம் கொடுத்து உட்கார வைப்பார். படத்தை விற்கும் உரிமையைத் தாமே வைத்துக்கொள்வார். 1882-ல் பிரசங்கம் செய்ய அமெரிக்கா வந்த ஆஸ்கார் ஒயில்டையும் அவர் படமெடுத்தார். அச்சுக் கம்பெனி ஒன்று அப்படங்களில் ஒன்றை அனுமதியின்றி 85,000 பிரதிகள் அடித்துவிட்டது! வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. யந்திரம் எடுத்த படத்துக்கு ஆசிரியர் ஏது என்பது கம்பெனியின் வாதம். நிற்கும் நிலையையும், உடையையும், ஒளியையும் நிழலையும் அமைத்தவர் ஸரோனி. ஆகையால் அவரே ஆசிரியர் என்று 1884-ல் தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு நியாயமானதே. ஆனாலும், காசு கொடுத்தவர்கள் ஸரோனியின் நிழலுக்காகவா கொடுத்தார்கள்? முகத்துக்கு உடையவர் அவ்வழக்கில் கட்சிக்காரரே அல்லர். லண்டனில் லில்லி லாங்ட்ரி சீமாட்டி 1881-ல் மேடை ஏறுவதற்கு முன்பே அவர் படங்கள் கடை ஜன்னல்களில் தொங்கின. காசுள்ளவர் எவரும் வாங்கிச் செல்லலாம்.

ஹென்றி இர்விங்குக்கு 'ஸர்' பட்டம் கிடைத்தது 1895-ல். நடிகர்களில் அதைப் பெற்றவர் அவரே முதல்வர். நடிகர் குலம் ஆல்பத்தில் மகாராணிக்கு அருகில் இடம் பிடித்து அதற்குள் முப்பது வருஷங்களுக்கு மேலாகியிருந்தது.