டைவிங் ஃபின்ஸ் கெட்டுப்போவது கடலில் இல்லை... கதவுக்குப் பின்னால்தான்!

புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவிங் முடித்துவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பும் ஒருவர் முதலில் என்ன செய்வார்? ரெகுலேட்டரை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துப் பத்திரப்படுத்துவார். டைவ் கம்ப்யூட்டருக்குத் தனி டப்பா. ஃபின்ஸ்? பிளேடு நுனி தரையில் ஊன்றி நிற்க, கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து விடுவார். 'ரப்பர்தானே, அதுக்கு என்ன ஆகப்போகுது' என்ற நினைப்பு. அடுத்த டைவ் ஐந்தாறு மாதம் கழித்துத்தான். அதுவரை அந்த ஜோடி அங்கேயே நிற்கும்.

சிக்கலே இந்த ஐந்தாறு மாதத்தில்தான் இருக்கிறது. இன்று விற்கும் ஃபின்ஸில் பலவற்றின் பிளேடு, சூட்டில் இளகும் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் குணம் கொஞ்சம் விசித்திரம். கடலில் ஆயிரம் முறை உதைத்தாலும் வளைந்து நிமிர்ந்துவிடும். ஆனால், லேசான எடைதான் என்றாலும் அது ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அழுத்தினால், மெல்ல மெல்ல வளைந்து அப்படியே நின்றுவிடும். புத்தகம் அடுக்கிய அலமாரிப் பலகை நடுவில் தொய்கிறதே, அதே கதைதான். பொறியியலில் இதை 'க்ரீப்' என்பார்கள். சூடு கூடக் கூட இது வேகமெடுக்கும். மே மாதத்தில் வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் மடங்கிக் கிடக்கும் ஃபின்ஸின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

'நுனி கொஞ்சம் சுருண்டா என்ன?' என்று கேட்கலாம். தண்ணீருக்குள் போனால் தெரியும். பிளேடின் வேலை, தண்ணீரை நேராகப் பின்னால் தள்ளுவது. பக்கவாட்டில் முறுக்கிய பிளேடு ஒவ்வொரு உதையிலும் தண்ணீரை ஓரமாக நழுவ விடும், கணுக்காலையும் திருப்பும். ஒரு கால் மட்டும் கூடுதலாக உழைக்கும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உழைப்பு கூடினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் சிலிண்டரில் காற்று சீக்கிரம் குறையும். நீரோட்டத்தை எதிர்த்துப் படகுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் இது விளையாட்டு விஷயமே இல்லை.

குப்பைக்குப் போகும் அச்சு

புது ஃபின்ஸ் வாங்கும்போது, பாதம் நுழையும் பகுதிக்குள் ஒரு பிளாஸ்டிக் அச்சு இருக்கும். பேக்கிங் என்று நினைத்து முதல் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் பலர். உண்மையில், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஃபின்ஸோடு இலவசமாக வரும் சிறந்த பராமரிப்புக் கருவி அதுதான். பாதப் பகுதி நசுங்கிச் சப்பையாகிவிடாமல் காப்பது அதன் வேலை. விற்கும் கடைக்காரர் 'இதைத் தூக்கிப் போடாதீங்க' என்று ஒரு வரி சொன்னால் போதும். பாதி ஜோடிகள் பிழைத்துக்கொள்ளும்.

அச்சு போயே போச்சு என்றால் பழைய டி-ஷர்ட்டைச் சுருட்டி உள்ளே வைக்கலாம். பயணத்தில் சாக்ஸே போதும். ஆனால் இறுக்கித் திணிக்கக் கூடாது. காற்றில் சிறிதளவு ஓசோன் எப்போதும் இருக்கிறது. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத்தான் அது தேடிப் பிடித்துத் தாக்கும். இழுபட்ட திசைக்குக் குறுக்கே சின்னச் சின்ன வெடிப்புகள் விழும். ஸ்ட்ராப்பில் மாட்டி ஆணியில் தொங்கவிடுவதும் இதனால்தான் தப்பு. தீப்பொறி பறக்கும் பழைய மோட்டார்களுக்கு அருகே ஓசோன் அதிகம். எனவே மோட்டார் ரூம் வேண்டவே வேண்டாம்.

கறுப்பு ரப்பரின் மேல் வெள்ளையாக ஒரு படலம் படிவதைப் பார்த்துப் பூஞ்சை என்று பயந்து, பிரஷ் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. பாவம், நல்லதைத்தான் தேய்த்து எடுக்கிறார்கள்! பெரும்பாலும் அது, ஓசோனிலிருந்து காக்க ரப்பரில் சேர்க்கப்பட்ட மெழுகு மேலே கசிந்து வந்ததாக இருக்கும்.

சரி, எங்கேதான் வைப்பது? நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில் உலர்த்தி, உள்ளே அச்சு வைத்து, கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தால் போதும். மேலே சூட்கேஸ் ஏற்றக் கூடாது. இயல்பிலேயே வளைவான பிளேடு என்றால், அந்த வளைவு அமுங்காதபடி கிடக்க வேண்டும். ஒண்டிக் குடித்தன வீட்டில் அதற்கும் இடமில்லையா? பாதப் பகுதி கீழே, பிளேடு மேலே இருக்கும்படி நிறுத்தலாம். எடை நுனிக்குப் போகாது.

ஏற்கெனவே வளைந்துவிட்டதா? பிளாஸ்டிக் பிளேடு என்றால் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதலான வெந்நீரில் சில நிமிடம் வைத்து, சமதளத்தில் நிமிர்த்தி, ஆறும்வரை அசையாமல் விட்டால் ஓரளவு திரும்பும். கொதிக்கும் தண்ணீர் கூடாது. கார்பன் ஃபைபர் பிளேடில் இந்த வேலையே கூடாது. முழு ரப்பர் ஃபின்ஸில் இது பெரிதாகப் பலன் தராது. அவை கனமானவை, ஆனால் ஒழுங்காக வைத்தால் பல்லாண்டுகள் உழைக்கும். 1960களில் வந்த ஜெட் ஃபின் வடிவம் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் டைவ் செய்பவர்கள் ஃபின்ஸை வாடகைக்கு எடுப்பதே உத்தமம். அந்தப் பணத்தை முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க்கில் போடலாம். அதையும் கறுப்பு ஃபின்ஸோடு ஒட்டி ஒரே பையில் மாதக்கணக்கில் வைத்தால், நிறமற்ற சிலிகானில் கறை ஏறிவிடும். அது தேய்த்தாலும் போகாது.