மைனஸ் 2,000

1982-ன் தொடக்கம். கலிஃபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனம் ‘லிசா’ கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்தது. வேலை எவ்வளவு நடக்கிறது என்று அறிய நிர்வாகிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள், எத்தனை வரி எழுதினோம் என்று வாரந்தோறும் படிவத்தில் குறிக்க வேண்டும். பில் அட்கின்சன் அப்போதுதான் படம் வரையும் புரோகிராமின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். வேகம் ஏறக்குறைய ஆறு மடங்கு கூடியது. 2,000 வரிகள் குறைந்தன. படிவத்தில் அவர் எழுதிய எண்: மைனஸ் 2,000. சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதே நின்றுபோனது.

சாஃப்ட்வேரின் தரத்தை எண்ணால் பிடிக்க முயல்பவர்கள் இடறும் இடம் இது. ஆனால் எண்ணாமலும் முடியாது. ஆயிரம் வரிக்கு எத்தனை பிழை என்பது பழகிப்போன அளவு. 1976-ல் தாமஸ் மெக்கேப் தந்த அளவு வேறு ரகம்: புரோகிராமுக்குள் எத்தனை தனித்தனிப் பாதைகள் கிளை பிரிகின்றன என்ற கணக்கு. கிளைகள் பெருகினால் சோதிப்பது கடினம். திருத்துவது அதைவிடக் கடினம்.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கு பிழைப்பு சம்பந்தப்பட்டது. கடல் கடந்த வாடிக்கையாளர் எதை நம்பி வேலையை ஒப்படைப்பார்? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் இன்ஸ்டிடியூட் வகுத்த அளவுகோலில் ஐந்து படிகள். அமெரிக்க விண்வெளி ஓடத்துக்கு சாஃப்ட்வேர் எழுதிய ஹூஸ்டன் குழு முன்பே ஏறியிருந்த ஐந்தாம் படியை, 1993-ல் மோட்டரோலாவின் பெங்களூர் பிரிவு எட்டியது. பிறகு பல இந்திய நிறுவனங்களும் ஏறின. வாடிக்கையாளர்களின் நம்பிக்கை வளர்ந்தது.

ஆனால் அந்த அளவுகோல் பார்ப்பது தயாரிக்கும் முறையை. தயாரான பொருளை அல்ல. சமையலறை சுத்தமாக இருக்கிறது என்பதற்காக சாம்பார் ருசிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

எண்ணுக்குப் பரிசும் தண்டனையும் சேர்ந்துவிட்டால் சிக்கல் கூடுகிறது. பிழை இருந்தால் சம்பள உயர்வு போகும் என்றால் புரோகிராமர் மறைப்பார். பிழை பிடித்தால் ஊக்கத்தொகை என்றால் சோதிப்பவர் எழுத்துப் பிழையைக்கூடப் பட்டியலில் சேர்ப்பார். இரண்டிலும் எண் அழகாக இருக்கும், சாஃப்ட்வேர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஓரளவு நேர்மையான கணக்கு ஒன்று உண்டு. மொத்தம் 100 பிழைகளில் 90 வெளியீட்டுக்கு முன்பே பிடிபட்டு, 10 வாடிக்கையாளர் கையில் சிக்கினால், தேர்ச்சி 90 சதவீதம். இதிலும் ஒரு கேள்வி பாக்கி: அந்தப் பத்து எவை? அதில் ஒன்று, ரயில் முன்பதிவு கவுன்ட்டரில் நிற்பவரின் டிக்கெட்டை விழுங்கியிருந்தால், அவர் போடும் மார்க் 90 அல்ல, பூஜ்யம்.