ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பது திருட்டு அல்ல

கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில் பஸ் ஏறி மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளின் பையில், புத்தகத்தைவிட ஜெராக்ஸ் தாள்தான் அதிகம். வகுப்பில் ஒருவர் புத்தகம் வாங்க, மற்றவர்கள் நகலெடுத்துப் படிப்பது இங்கே புதிதல்ல. காலனியிலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வேறு வழியும் இல்லை. ஓர் ஆங்கிலப் பாடநூல் 1,000 ரூபாய் என்றால், அது அம்மாவின் நூறு நாள் வேலையில் மூன்று நாள் கூலி. உதவித்தொகை வருவதற்குள் பருவத் தேர்வே முடிந்துவிடுகிறது.

அந்தப் பிள்ளையிடம்தான் 'புத்தகத்தை ஜெராக்ஸ் எடுப்பது குற்றம்' என்கிறார்கள். புத்தகத்தின் உள்பக்கத்திலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவது மீறல் அல்ல. பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதும் மீறல் அல்ல. இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை இல்லை. நாடாளுமன்றம் எழுதி வைத்த சட்டம்.

இது நீதிமன்றத்திலும் சோதித்துப் பார்க்கப்பட்டது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஷ்வரி போட்டோகாபி சர்வீஸ் என்ற சிறிய கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த பக்கங்களைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்து, ஒரே கட்டாக்கி மாணவர்களுக்குக் கொடுத்ததுதான் கடை செய்த 'குற்றம்'. கடைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. மாணவர்கள் சங்கம் வைத்துத் தாங்களும் வழக்கில் சேர்ந்தார்கள். ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தில் தன் நூல்களை வெளியிட்ட அமர்த்தியா சென்னே வழக்கைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டார்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது கடவுள் கொடுத்த உரிமையோ இயற்கை உரிமையோ அல்ல என்றார். தான் சட்டம் படித்த காலத்தில் மாணவர்கள் நூலகத்தில் முறை வைத்து உட்கார்ந்து, பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்ததையும் நினைவுகூர்ந்தார். கையால் எழுதினால் குற்றமில்லை, இயந்திரத்தில் எடுத்தால் மட்டும் குற்றமா என்பதுதான் அதன் பொருள். அந்த டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் இந்த விதிக்குப் பக்கக் கணக்கு கிடையாது என்றது. கேள்வி ஒன்றுதான்: எடுத்த பகுதி பாடத்துக்குத் தேவைப்பட்டதா? 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை விட்டு விலகின.

டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 52ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். திண்டிவனத்தில் படிக்கும் பிள்ளைக்கும் அது பொருந்தும். அதற்காக முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து அட்டை போட்டு விற்பதற்கு இந்தத் தீர்ப்பு கேடயம் ஆகாது. நம் எழுத்தாளர்கள் பலரின் நூல்களைச் சிறு பதிப்பகங்கள் சில நூறு பிரதிகள்தான் போடுகின்றன. அந்தப் புத்தகத்தை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக ஊர் முழுக்க அனுப்பினால், அடுத்த புத்தகம் அச்சாகாது. ஆக்ஸ்போர்டையும் நம் ஊர்ப் பதிப்பாளரையும் ஒரே தராசில் வைக்க நமக்கு மனம் வரவில்லை.

நூலகங்களுக்கும் சட்டம் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. ஒரு புத்தகம் இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காவிட்டால், பொது நூலகம் தன் பயன்பாட்டுக்கு மூன்று பிரதிகள் வரை நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். தலித் வரலாற்று நூல்களில் பல ஒரே பதிப்போடு நின்றுபோனவை. இந்த விதி நமக்கென்றே எழுதியதைப் போல இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும்படி நூலகரிடம் நாம் கேட்பதில்லை. வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டிய நூலகங்கள் பல ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன என்பது தனிக் கதை.

அம்பேத்கர் எழுத்துகளின் நிலை என்ன? எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. பாபாசாகேப் 1956 டிசம்பர் 6இல் மறைந்தார். அவர் உயிரோடு இருந்தபோது வெளியிட்ட நூல்கள் 2017 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. அவர் 1936இல் தன் செலவிலேயே அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையின் ஆங்கில மூலத்தை இன்று யாரும் அச்சிடலாம், படி எடுக்கலாம், இணையத்தில் போடலாம். மறைவுக்குப் பின் வெளிவந்தவற்றுக்கு வேறு கணக்கு. முதலில் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1987இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட 'இந்து மதப் புதிர்கள்' அதனால் 2047 முடியும்வரை பதிப்புரிமைக்குள் இருக்கும். இரட்டைமலை சீனிவாசன் மறைந்தது 1945இல். அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' 2006 தொடக்கத்திலேயே பொதுச் சொத்தாகிவிட்டது.

சிக்கல் மொழிபெயர்ப்பில்தான். மூலம் பொதுவானாலும், தமிழாக்கத்துக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. கூட்டேரிப்பட்டுப் பிள்ளை படிப்பது தமிழாக்கத்தைத்தான். ஒன்றிய அரசின் அம்பேத்கர் அறக்கட்டளை வழியாக வந்த தமிழ்த் தொகுதிகள் மக்கள் வரிப்பணத்தில் உருவானவை. பாரதியின் எழுத்துகளை அரசே வாங்கிப் பொதுவாக்கிய மாநிலம் இது. அதற்குப் பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கி, வாரிசுகளுக்குத் தொகையும் கொடுத்திருக்கிறது. அந்தத் தமிழ்த் தொகுதிகளை யாரும் அச்சிடலாம், நகலெடுக்கலாம் என்று ஒன்றிய அரசு ஓர் ஆணை போட்டால் போதும். அதை வலியுறுத்திக் கேட்கத் தமிழ்நாட்டு அரசுக்கும் நம் மக்களவை உறுப்பினர்களுக்கும் எந்தத் தடையும் இல்லை.